கேப்டனுக்கு ஒரு கதாநாயகி

பீங்கான் சூளைக்குள் விண்கலம் ஓட்டியவர்கள் என்று விருத்தாசலத்தில் எங்களைச் சொல்லிச் சிரிப்பார்கள். உண்மைதான். மூடிக்கிடந்த பழைய சூளை எங்கள் கலம்; மின்கம்பத்துப் பீங்கான் குமிழ்கள் அதன் இயந்திரம். 2004இல் எங்கள் தொடர் உள்ளூர் கேபிளில் ஞாயிறுதோறும் ஒளிபரப்பானது. கதை, வசனம்: குருமூர்த்தி, தங்கதுரை. குருமூர்த்தி நான்.

கேப்டனாக நான், பொறியாளராக அவன், இருவர்தான் பாத்திரங்கள். நடிக்கப் பெண் கிடைக்கவில்லை என்று ஊரில் சொன்னோம். நாங்கள் தேடவே இல்லை.

பன்னிரண்டாம் வாரம் கலத்தில் காற்று தீர்கிறது. ஒரே மூச்சுக்குழாயை இருவரும் மாறி மாறி வாயில் வைத்துக்கொள்கிறார்கள். "நீ இல்லாத கிரகத்துல எனக்கு எதுக்குக் காத்து?" என்கிறார் கேப்டன். நட்புக்கு இலக்கணம் என்று ஒரு தமிழாசிரியர் பாராட்டுக் கடிதமே எழுதினார்.

தங்கதுரையின் அண்ணன் தர்மராஜுக்கு இலக்கணம் தெரியாது. கரும்பு லாரி ஓட்டுபவர். டீக்கடையில் என்னை நிறுத்தினார்.

"ஏங்க, இதெல்லாம் யாரு எழுதுறது? ரெண்டு ஆம்பளைங்க பேசுற பேச்சா இது?"

நான் பதறவில்லை. டீயைக் குடித்து முடித்து, யோசித்துத்தான் சொன்னேன். தை மாதம் எனக்குக் கல்யாணம். பெண் வீட்டார் மானம் பார்ப்பவர்கள். தங்கதுரைக்கு அப்படி எந்த இக்கட்டும் இல்லை.

"உங்க தம்பிதாங்க," என்று வசன நோட்டையும் கொடுத்தேன்.

கையெழுத்து அவனுடையதுதான். நான் சொல்லச் சொல்ல எழுதுவான். அந்த வரிகளில் பாதியை, கேமரா இல்லாத நாட்களில், அதே சூளைக்குள் அவனிடம் நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

அவனை வீட்டுக்குள் பூட்டி அடித்தார்கள். அவன் என் பெயரைச் சொல்லவில்லை. இரண்டாம் நாள் அவன் தாய் அம்சவல்லி வந்தார்.

"கூட எழுதுன ஆளு நீ. வந்து ஒரு வார்த்த சொன்னா வுட்டுடுவாங்கப்பா."

உள்ளே பெண் வீட்டார் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நாளைக்கு வரேங்கம்மா," என்றேன்.

மறுநாள் விடிந்தபோது அவன் கிணற்றில் கிடந்தான். நான் பெரிய மாலையாக வாங்கிப்போனேன். தர்மராஜ் என் தோளில் சாய்ந்து அழுதார்.

அடுத்த வாரக் கதையைத் தனியாக எழுதினேன். பொறியாளரை விண்கல் மோதவைத்துச் சாகடித்தேன். கேப்டனுக்கு ஒரு கதாநாயகியைச் சேர்த்தேன். பார்ப்பவர்கள் கூடினார்கள். குடும்பத்தோடு பார்க்கிற தொடரில் அசிங்கம் இருக்கக் கூடாது என்பதில் நான் எப்போதுமே கறாரானவன்.