கட்டில் போட்ட ரோடு

எனக்கு வடை நன்றாகச் சுட வரும், ஐயா. எங்கள் வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ எது வந்தாலும் வடைச் சட்டிக்கு முன்னால் நான்தான் உட்காருவேன். பருப்பை ஒன்றிரண்டாக அரைக்க வேண்டும், சோம்பைக் கடைசியில் போட வேண்டும், அவசரப்படக் கூடாது. பொறுமை இருந்தால் யாருக்கும் வரும். காலையில் நான் ஸ்டேஷனுக்குள் வந்ததும் வராததுமாக என் தூக்குச் சட்டியைத் திறந்து நீங்களே ஒன்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஏட்டையா எழுதத் தயாராக இருக்கிறார், அதனால் விஷயத்துக்கு வருகிறேன். என் பெயர் கன்னியப்பன். சின்னவயலூர் பஞ்சாயத்தில் மூன்றாவது வார்டு மெம்பர். சொக்கம்மாள் அத்தை கொடுத்த புகாரில், அவர் புருஷன் தாண்டவராயனுக்கு நான் "ஏதோ கொடுத்து", அவரைக் கட்டிலோடு ஊர் ஊராகத் தூக்கிப் போனதாக எழுதியிருக்கிறது. ஊர் ஊராக இல்லை, ஒரே ஊருக்குள்தான். அந்த "ஏதோ" எது என்பதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமலே வந்திருக்கிறேன். ஒரு பஞ்சாயத்து மெம்பர் செய்த வேலையை "ஏதோ" என்று எழுதி வைத்தால் நாளைக்கு யாருக்கு என்ன புரியும்?

உத்திரமேரூர் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குள் வர ஒரு மண் பாதை இருந்தது. பாதை என்று சொல்வது மரியாதைக்கு. ஐப்பசி பிறந்தால் ஏரித் தண்ணீரும் சேறும் ஒன்றாகிவிடும், மாட்டு வண்டி அச்சு வரைக்கும் இறங்கும். பாதையின் கடைசியில், ஏரிக்கோடியில், காசி வகையறாக்கள் பத்துப் பன்னிரண்டு குடிசை போட்டிருக்கிறார்கள். போன அடைமழையில் காசியின் பெண்சாதி அம்சாவுக்கு வலி எடுத்து, வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டு, வண்டியிலேயே பிரசவம் ஆனது. தாயும் பிள்ளையும் பிழைத்தது அவர்கள் அதிர்ஷ்டம். அன்றைக்கு நான் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு அழுதேன். ஏரிக்கோடி வரைக்கும் ரோடு போடாமல் விடமாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அந்த வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் காரணம், அதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

யூனியன் ஆபீசுக்கு எத்தனை மனு கொடுத்தாலும் பரிசீலனையில் உள்ளது என்றே பதில் வந்தது. இப்படி இருக்கும்போது தை மாசம் தாண்டவராயன் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. அவர் சாதாரண ஆள் இல்லை. இன்றைக்கு மந்திரியாக இருப்பவர் ஒரு காலத்தில் போலீசுக்குப் பயந்து எங்கள் ஊர் வைக்கோல் போரில் ஒளிந்திருந்தபோது, மாமாதான் தினமும் கூழ் கொண்டுபோய்க் கொடுத்தவர். மந்திரி அவரை நைனா என்றுதான் கூப்பிடுவார். காய்ச்சல் செய்தி மெட்ராசுக்கு எட்டியதும், நைனாவைப் பார்க்க வருகிறேன் என்று தகவல் வந்தது.

மறுநாள் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது ரோலர் வந்தது. பின்னாலேயே ஜல்லி லாரி. ஓவர்சியர் வரதன் குடை பிடித்துக்கொண்டு நின்றார். மனுப்போட்டு வராத ரோலர் ஒரு காய்ச்சலுக்கு வந்துவிட்டதே என்று எனக்குக் கண் கலங்கியது. சாயங்காலத்துக்குள் ஒரு பர்லாங்கு ரோடு தயார். ஆனால் மாமாவுக்கு அன்றைக்கே காய்ச்சல் விட்டுவிட்டது. நைனா தேறிட்டாராமே, அப்புறம் வருகிறேன் என்று மந்திரி சொல்லிவிட்டார். ரோலர் திரும்பிப் போனது. மாமா என்னடாவென்றால் எழுந்து உட்கார்ந்து பழைய சோறு கேட்கிறார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது என்று சொல்லமாட்டேன். வருத்தம் இருந்தது. ஊரைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

மாமாவுக்கு மசால்வடை என்றால் உயிர். பத்து நாள் கழித்து அவருக்கு வடை சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். கடலை எண்ணெயோடு விளக்கெண்ணெயைப் பாதிக்குப் பாதி கலந்து சுட்டது. பூண்டும் சோம்பும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் வாடை தெரியாது. குழந்தைகளுக்கு மாசா மாசம் கொடுக்கிற எண்ணெய்தானே, விஷமில்லையே. நீங்கள் ஏன் தூக்கைத் தள்ளி வைக்கிறீர்கள் ஐயா? இருக்கட்டும், இருக்கட்டும்.

அன்றைக்கு மாமா வயலுக்கும் வீட்டுக்கும் பலமுறை நடந்தார். சாயங்காலம் படுத்துவிட்டார். நான் தபால் ஆபீசுக்குப் போய் மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டு, நைனாவுக்கு மறுபடியும் முடியவில்லை என்றேன். பொய் இல்லையே. காலையில் ரோலர் வந்தது.

இப்படித்தான் எங்கள் ஊர் வளர்ந்தது. மாமா படுத்தால் ரோலர் வரும், எழுந்தால் போய்விடும். ரோலர் ஆட்கள் சாப்பிட முனியம்மாள் இட்லிக் கடை போட்டாள். பக்கத்தில் ஒரு டீக்கடை வந்தது. ஒருவன் வாடகை சைக்கிள் கொண்டுவந்து நிறுத்தினான். காலங்காலமாக மூலையில் கிடந்த ஊர் நடமாட்டம் கண்டது. ஒருவர் வயிறு கொஞ்சம் கஷ்டப்பட்டது உண்மைதான். மற்ற எல்லார் வயிறும் நிறைந்ததை யாரும் புகாரில் எழுதுவதில்லை.

என் மனைவி தேவகி மட்டும் வீட்டில் வேறு வாணலி வாங்கி வைத்துக்கொண்டாள். நான் சுட்ட வடையை அவள் தொடுவதில்லை.

மாமா இளைத்துப்போனார். சொக்கம்மாள் அத்தை ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கன்னியப்பா, இந்த மனுசனை ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம்பா. கண்ணு உள்ள போய்க்கினே கீது."

"ரோடு முடியட்டும் அத்த. இப்ப போனா வண்டி குலுக்கும். ரோடு முடிஞ்சா அலுங்காம போலாம்" என்றேன்.

நல்ல யோசனையாகத்தான் எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

ரோடு மாமா வீட்டு வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் போட முடியாது என்றார் வரதன்.

"மெம்பர் சார், மந்திரி கார் எது வரைக்கும் போவுதோ, அது வரைக்கும்தான் ரோடு. அவரு பெரியவர் வூட்டாண்ட எறங்கிடுவாரு. அதுக்கப்புறம் இன்னாத்துக்கு ஜல்லி?"

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு கட்டிலை நகர்த்தினேன். மாமாவுக்குக் காற்று மாற்றம் வேண்டும் என்று சொல்லி, காசியையும் இன்னும் மூன்று பேரையும் கூப்பிட்டு, கட்டிலோடு அவரைத் தூக்கி ஒரு பர்லாங்கு தள்ளி ஒரு களத்து மேட்டுக் கொட்டகையில் போட்டேன். ரோடு பின்னாலேயே வந்தது. மறுபடி நகர்த்தினேன், மறுபடி வந்தது. திட்டமிடுதல் என்பது இவ்வளவுதான், ஐயா. பெரிய பெரிய வரைபடமெல்லாம் வேண்டியதில்லை, கயிறு தொய்யாத கட்டில் ஒன்று இருந்தால் போதும்.

ஊருக்கு இது புரிந்ததும் எனக்கு நிம்மதி போயிற்று. கட்டிலை எங்கள் தெருவுக்கு அனுப்பு என்று ஒருவர், எங்கள் வாசலில் பந்தலே போட்டுவிட்டோம் என்று இன்னொருவர். மாமாவுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்தார்கள். அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. காசி மட்டும் கட்டிலைத் தூக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி கேட்பான்.

"மெம்பரே, கட்டிலு எங்க பக்கம் எப்ப வரும்?"

"கட்டில் போற எடத்துக்கெல்லாம் ரோடு வரும் காசி. உன் பக்கமும் வரும்" என்பேன்.

பாதை ஒரு புளிய மரத்தடியில் இரண்டாகப் பிரிகிறது. வலது கைப்பக்கம் போனால் ஏரிக்கோடி. இடது கைப்பக்கம் போனால் என் ரைஸ் மில். இதை முன்பே சொல்லவில்லையே என்று பார்க்கிறீர்கள். யாரும் கேட்கவில்லை. மில் புதிதாக வைத்தது. நெல் வண்டி வர வழி இல்லாமல் பெல்ட்டு துருப்பிடித்துக்கொண்டிருந்தது, பெல்ட்டு துருப்பிடிக்காது, மற்றதெல்லாம் துருப்பிடித்தது. கட்டிலைக் கீழே வைத்துவிட்டு எந்தப் பக்கம் என்று காசி என் முகத்தைப் பார்த்தான். ஏரிக்கோடியில் கொசு அதிகம். நோயாளிக்கு ஆகாது. மில் பக்கம் நல்ல காற்று. நான் இடது பக்கம் கையைக் காட்டினேன். காசி குனிந்து கட்டிலைத் தூக்கினான்.

மில் வாசலில் கட்டிலைப் போட்டு, அன்றைக்கு வடையில் எண்ணெயைக் கொஞ்சம் கூட்டினேன். மறுநாள் பிற்பகல் மாமாவின் கையைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. அப்போது எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. மில்லுக்கு இன்னும் ஐம்பது கஜம் ரோடு பாக்கி இருந்தது.

உடனே ஓடி டிரங்க் கால் போட்டு, நைனா இன்றைக்கோ நாளைக்கோ என்றேன். காலையில் புறப்படுகிறேன் என்றார் மந்திரி. அவரே பேசினார், குரல் உடைந்திருந்தது.

நான் தபால் ஆபீசில் இருந்த நேரத்தில்தான் எல்லாம் கெட்டது. ரோலர் டிரைவர் சாமுவேல், கட்டில் பக்கத்தில் இலையில் மூடி வைத்திருந்த வடையைக் கேட்காமல் கொள்ளாமல் எடுத்துத் தின்றிருக்கிறார். அரை மணியில் ரோலரை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு ஏரிக்கரைப் பக்கம் ஓடியவர், வருவார், ஏறுவார், மறுபடியும் இறங்கி ஓடுவார். இதைச் சொக்கம்மாள் அத்தை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மீதி வடையை எடுத்துப் பிட்டு, முகர்ந்து, விளக்குத் திரியில் தேய்த்து எரித்து, விளக்கெண்ணெய்தான் என்று கண்டுகொண்டாராம். அப்புறம் காசியைக் கூப்பிட்டிருக்கிறார்.

நான் திரும்பி வந்தபோது கட்டில் இல்லை. ஏரிக்கோடிக்கு ஓடினேன். அம்சா குடிசைக்கு முன்னால் வேப்ப மரத்தடியில் கட்டில் கிடந்தது. அம்சா மாதுளைத் தோலைக் கொதிக்க வைத்து, மோரில் கலந்து, பிள்ளைக்குப் புகட்டுவதுபோல மாமாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டு தூக்கின?" என்று காசியைக் கேட்டேன்.

"நீங்கதான மெம்பரே சொன்னீங்க, கட்டிலு போற எடத்துக்கு ரோடு வரும்னு" என்றான். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அத்தை என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "எம் புருசன் சாவறதுக்குப் படுத்தானா, உனக்கு ரோடு போடறதுக்குப் படுத்தானா? வாய தொறந்து சொல்லுடா."

மாமா இரவு முழுக்க மோர் குடித்தார். விடிந்தபோது கண்ணைத் திறந்து, கூழ் இருக்கிறதா என்று கேட்டாராம். நான் அப்போது புளிய மரத்தடியில் மாலையோடு நின்றிருந்தேன். மந்திரி வந்தார். காரை மில் பக்கம் திருப்பச் சொல்லி நான் கை காட்டினேன், காசி வலது பக்கம் காட்டினான். டிரைவர் காசியை நம்பினார். இருபது கஜம் போனதும், ஏரிக் கசிவில் ஊறிக் கிடந்த சேற்றில் கார் உட்கார்ந்தது. மந்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் நடந்தார். பின்னால் யூனியன் ஆபீசே நடந்தது. வரதன் குடையோடு ஒருமுறை விழுந்து எழுந்தார்.

மாமா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கையில் கூழ்ச் சட்டி.

"வா தம்பி. கூழு குடிக்கிறியா? இன்னா வேணா கேளு, வடைய மட்டும் கேக்காத."

இரண்டு பேரும் அழுதார்கள். நானும் அழுதேன், ஆனால் என்னை யாரும் கவனிக்கவில்லை. மறுநாளே ஏரிக்கோடி வரைக்கும் ஜல்லி கொட்டித் தார் போட்டுவிட்டார்கள். அம்சா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த ரோட்டில் நடக்கிறாள். மில் பக்கம் அந்த ஐம்பது கஜம் அப்படியே கிடக்கிறது. நியாயமாகப் பார்த்தால் ஏரிக்கோடி ரோடும் என் வடையால் வந்ததுதானே? ஊரில் ஒருவர்கூட அதைச் சொல்வதில்லை. காசிக்கு மாலை போட்டார்கள்.

அவ்வளவுதான் ஐயா. வடை கொடுத்தது நான், கட்டிலைத் தூக்க வைத்தது நான், ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தடுத்ததும் நான். எதையும் எனக்காகச் செய்யவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

இன்னொன்று. நேற்றே ஒருமுறை பஸ் நிற்கிற இடத்திலிருந்து இந்த ஸ்டேஷன் வாசல் வரைக்கும் நடந்து வந்தேன். ரோடு ரொம்ப மோசம். ஒரு கிழவி தண்ணீர்க் குடத்தோடு விழப்பார்த்தாள், எனக்கு மனசு கேட்கவில்லை. உங்கள் மாமனார் மெட்ராசில் ரோடு இலாகாவின் பெரிய இன்ஜினியர், மருமகனுக்கு ஒன்று என்றால் அன்றைக்கே கார் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார் என்று வாசலில் சென்ட்ரி சொன்னார்.

உட்காருங்கள் ஐயா. கொல்லைப்பக்கக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.