போனில் எண்ணிய மூச்சு

நாகலூரிலிருந்து சேலம் போகும் காலை பஸ். டிரைவருக்குப் பின்சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள்.

“போன்லயே எங்கக்கா பாப்பாவோட மூச்சை எண்ணிட்டாருடி, சேலத்து டாக்டரு.”

நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “பொய் சொல்லாத.”

“நெசமாடி. போன வாரம், பாப்பாவுக்கு மூச்சு இழுத்தப்ப, எஸ்.டி.டி. பூத்துல. ரிசீவரைப் பாப்பா மூக்குகிட்டப் புடிங்கன்னாரு. தொட்டுப் பாக்காதவரு என்ன டாக்டருன்னு அக்கா அழுதுட்டேதான் புடிச்சா.”

“நம்ம காலேஜ்ல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. நோட்டீஸ் அடிச்சு ஒட்டோணும். என்னன்னு எழுதறது?”

“போன் பேச வரிசையில நின்ன அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கிட்டு நின்னாங்க. அதை எழுது. சேலம் பஸ் வந்து பக்கத்துல நின்னுது. விசயம் தெரிஞ்சதும் டிரைவரு இன்ஜினையே ஆஃப் பண்ணிட்டாரு. சத்தமே இல்ல. டாக்டரு எண்ணி முடிச்சு, உடனே கூட்டிட்டு வாங்கன்னாரு. அதே பஸ்ஸுலதான் போனோம்.”

நோட்டுக்காரி நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

கொண்டை ஊசி வளைவைக் கடந்த டிரைவர் திரும்பிப் பாராமலே கேட்டார்:

“பாப்பா இப்ப எப்படி இருக்குது கண்ணு?”

“நேத்து ஊட்டுக்கு வந்தாச்சுங்கண்ணா. காலைல சிரிச்சுதுங்க.”