காயாத வறட்சி வயல்

நான் நண்டு சாப்பிடறதில்ல, சார். கடலூர்ல பொறந்துட்டு நண்டு வேணாம்னு சொல்றவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். எங்க அண்ணிங்க இன்னிக்கும் அதச் சொல்லிக் கேலி பண்ணுவாங்க. எதுக்குச் சொல்றேன்னா, இந்த விவகாரம் பூரா நண்டுலதான் ஆரம்பிச்சுது.

நீங்க கேட்டதுக்கே வந்துடறேன். காயத்ரி சொன்னது உண்மைதான். அன்னிக்கி அவ புருசன் பழனிவேலோட போனை எடுத்துப் பேசினது நான்தான். அன்னிக்கி நான் பண்ணைக்கே வரலன்னு சொன்னது பொய். அவன் தனியா விதை ரூமுக்குள்ள போயி மாட்டிக்கிட்டு செத்தான்னு எல்லாரும் எழுதிக் கேச மூடிட்டாங்க. அவளப் போயி யாரும் கேக்கல. நீங்க கேட்டீங்க. அதுல எனக்கு வருத்தமில்ல, பொறுமையா ஒருத்தர் கேட்டா நல்லாத்தான் இருக்குது.

எங்க வேல என்னன்னு உங்களுக்குத் தெரியணும். மழை ஏமாத்தினாலும் தாங்குற நெல்லு ஒண்ண உருவாக்கணும். அதுக்காக ஊர் ஊராப் போயி பழைய ரகங்கள வாங்கிட்டு வந்து, சிதம்பரத்துக்கு வெளிய இருக்கிற எங்க பண்ணையில ஒண்ணோட ஒண்ணு கலந்து புது வகைங்கள உண்டாக்கினேன். ஒண்ணுல வேர் ஆழமாப் போகும், ஒண்ணுல கதிரு கனமா இருக்கும். எவ்ளோ வித்தியாசம் இருக்குதோ அவ்ளோ நல்லது. அப்புறம் பூக்குற நேரத்துல தண்ணிய நிறுத்திட்டு எது நிக்குதுன்னு பாக்கணும். அதுக்குன்னு இருக்கிறதுதான் வறட்சி வயல். அதுல ஒரே ஒரு வகை வருசா வருசம் பச்சப்பசேல்னு நின்னுது. கல்யாணங்கூட வேணாம்னு இருந்தவ நான். அந்த நெல்லு என் பேர்ல வெளிய வரணும், அது ஒண்ணுதான் எனக்கு வேண்டியிருந்துது.

இப்ப நண்டுக்கு வர்றேன். நடவுக்கு வர்ற பொம்பளைங்க மத்தியானக் கொழம்புக்கு வரப்பத் தோண்டி நண்டு புடிப்பாங்க. ஆராய்ச்சி வயலு வரப்பு கெட்டுப்போகக் கூடாதேன்னு நான் சத்தம் போட்டு அத நிறுத்திட்டேன். புடிக்க ஆளில்லாம நண்டு பெருகிடுச்சு. என்கூட வேல பாத்த பழனிவேலு ஒருநாள் அந்த வரப்ப வெட்டிப் பாத்திருக்கான். உள்ள பூரா வளை. பக்கத்து வயலுத் தண்ணி அது வழியா அடியிலயே கசிஞ்சு என் வறட்சி வயலுக்கு வந்துக்கிட்டிருந்துருக்குது. மேல வெடிச்ச மண்ணு, வேருல ஈரம்.

அதோட விட்டானா. அத்தன வகையையும் அண்ணாகிராமம் பக்கம் மேட்டு நெலத்துல வெதச்சிப் பாத்தான். என்னோடது கருகிப்போச்சு. நான் உதவாதுன்னு ஒதுக்கின வேற ஒண்ணு கதிர் தள்ளி நின்னுது.

மொதல்ல எங்கிட்டதான் வந்தான், மரியாத தெரிஞ்சவன். ரகம் வெளிய போறதுக்கு முன்னாடி டைரக்டர்கிட்ட நாமளே சொல்லிடுவோம் மேடம், நம்பி வெதைக்கிறவங்க பாவம்னான். சொன்னா அத்தன வருச உழைப்பும் என் பேரும் போயிடும், சார். முகத்துல காட்டிக்கல. சனிக்கிழம விதை ரூமுக்கு மருந்து வெச்சு முடிச்சுட்டுப் போயிச் சொல்லுவோம் தம்பின்னேன்.

மருந்து வெக்க ஒரு முறை இருக்குது. பூச்சி அரிக்காம இருக்க விஷ மாத்திரை. கொஞ்சங்கொஞ்சமா வாயுவாக் கெளம்பும். உள்ள ஒருத்தர் மூட்ட மூட்டையா வெச்சுக்கிட்டே வாசலப் பாத்து வரணும். வெளிய ஒருத்தர் சாவியோட காவல் நிக்கணும். பொறி பறந்தா தீப்புடிக்கும்னு, உள்ள போறவரு போனைக்கூட வெளிய இருக்கிறவர் கையில குடுத்துடணும். ஜன்னலெல்லாம் முன்னாடியே டேப் ஒட்டியாச்சு. அவன் பாதி ரூம் வந்தப்போ நான் கதவச் சாத்திப் பூட்டினேன். இடுக்குலயும் டேப் ஒட்டினேன். கோணாம ஒட்டினேன். பண்ணையில வேற யாருமில்ல.

அப்பதான் காயத்ரி கூப்பிட்டா. அவர் சாப்பிட வருவாரான்னு கேட்டா. கொஞ்சம் லேட்டாகும்மா, நீ சாப்பிடுன்னு சொன்னேன். அவளும் எவ்ளோ நேரந்தான் பசியோட காத்திருப்பா. கதவு தட்டுற சத்தம் கேட்டு அவ பயந்துடக் கூடாதேன்னு, வேப்பமரத்தாண்ட தள்ளிப் போயி நின்னுதான் பேசினேன்.

திரும்பி வந்தப்போ அவன் கதவுல வாய வெச்சுப் பேசிக்கிட்டிருந்தான். கத்தல.

"மேடம், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். மேட்டு நெலத்துல நின்ன அந்த நெல்ல நீங்களே எடுத்துக்குங்க. உங்க பேரே போட்டுக்குங்க. கதவ மட்டும் தெறந்துடுங்க."

தெறக்கலாமான்னு யோசிச்சேன், இல்லேன்னு சொல்லல. ஆனா பாதியில தெறந்தா பூச்சி சாகாது. உள்ள இருக்கிறது எத்தன ஊரு விதை. ஒரு ஆளப் பாக்கிறதா, அத்தன விதையப் பாக்கிறதா? சத்தம் அடங்கி ரொம்ப நேரம் கழிச்சு டேப்ப உரிச்சேன், பூட்ட எடுத்தேன், போனை வாசப்படியில வெச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். கருமாதிக்கும் போனேன். காயத்ரி என் தோள்லதான் சாஞ்சு அழுதா.

இந்த வருசம் மழை இல்ல. மேட்டு நெலத்துல என் பேர்ல வந்த நெல்லு மட்டும் நிக்குது, போயிப் பாருங்க. அது அவன் கண்டுபுடிச்சதுதானேன்னு கேக்கறீங்க. ஆமாம். கொன்னேன்னு எழுதிக்குங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். திருடினேன்னு மட்டும் எழுதாதீங்க, சார். அது அவன் மனசாரக் குடுத்தது.