செவ்வாய்க் கிரகத்தான் கொண்டுவந்த தண்ணீர்

கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மடியில் ஒரு அலுமினியச் சட்டி. அதில் இரண்டு சைக்கிள் கம்பிகள் கொம்புபோல் நீட்டிக்கொண்டிருந்தன.

"இதைத் தலையில போட்டுக்கொண்டு நான் செவ்வாய்க் கிரகத்தில இருந்து இறங்கினபிறகுதான் எங்கட வயலுக்குத் தண்ணி வந்தது," என்றார் சட்டிக்காரர்.

மற்றவர் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். "என்ன கதை இது, அண்ணை?"

"போன வருசம் கோயில் திருவிழாவில நாடகம். நான்தான் செவ்வாய்க் கிரகத்து மனிசன். 'பூலோகத்தாரே, உங்களுக்கு என்ன குறை?' எண்டு கேட்டன். ராசா வேசக்காரன் 'சமாதானம்' எண்டு சொல்லவேணும். அதுக்கு முன்னம் சனத்துக்குள்ள இருந்து ஒருத்தன், 'பயிர் வாடுது, வாய்க்காலில தண்ணி இல்லை!' எண்டு கத்திப்போட்டான்."

"ஐயோ, பிறகு?"

"முன்வரிசையில மாலையோட நீர்ப்பாசன இஞ்சினியர். அவர்தான் பிரதம விருந்தாளி. அவரைப் பாத்து, 'நாளைக்குத் தண்ணி வராட்டி எங்கட ராக்கெற் உங்கட பங்களாவில இறங்கும்' எண்டன். என்ர நடிப்பில எனக்குப் பிடிச்ச கட்டம் அதுதான்."

"அவர் கோவிக்கேல்லையோ?"

"அவ்வளவு சனத்துக்கு முன்னாலயோ? சிரிச்சுச் சிரிச்சுக் கைதட்டினார். விடியவே தண்ணி வந்திட்டுது."

"நேரை போய்க் கேட்டிருக்கலாமே?"

"வேட்டி சால்வையோட அவற்ற ஒபிசுக்கு நாலு தரம் போனனான். வெளியில மர வாங்கில மணிக்கணக்கா இருத்திப்போட்டு அனுப்பிவிட்டினம்."

பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. சட்டிக்காரர் வளைந்த கம்பியை நிமிர்த்தினார்.

"இந்த வருசமும் அதே வேசமோ?"

"ஓம். வேறை வேசம் தரமாட்டினமாம்."

"ஆர் பிரதம விருந்தாளி?"

"றோட்டு இஞ்சினியர்."