பதினைந்து ஓட்டை மானிட்டர்

"ஹலோ... ஹலோ... திருச்சியா? அழகேசன் இருக்காரா?... நீங்கதானா? நான் அரியலூர்லேருந்து ராசாங்கம் பேசறேன். சுண்ணாம்புக்கல் சுரங்க ஆபீஸ் சூப்பிரண்டு... ஆமா, ஆமா, உங்க கடையில கம்ப்யூட்டர் வாங்கினவங்கதான். அதான் பதினோரு நாளா கண்ணை மூடிக்கிட்டுக் கெடக்கு."

ராசாங்கம் நின்றுகொண்டே பேசினார். டிரங்க் கால் வந்தால் அவர் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் குரல் திருச்சி வரை எட்டாது என்பது அவர் கண்டுபிடிப்பு. காலை பத்து மணிக்கு எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்த கால் பன்னிரண்டரைக்குத்தான் கிடைத்திருந்தது. அதற்கும் சேர்த்து யாரையாவது திட்டியாக வேண்டும்.

மேஜைமேல் அவரே டைப் அடித்த மெமோ இருந்தது. ஆபரேட்டர் மலர்க்கொடியின் அஜாக்கிரதையால் கம்ப்யூட்டரின் மானிட்டர் கெட்டுவிட்டது, ஆறு மாத தற்காலிக வேலையோடு அவளை நிறுத்திவிடலாம் என்பது அதன் சாரம். மூன்று மணிக்கு மானேஜர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. புது மானிட்டர் எப்போது வரும் என்ற இடத்தில் மட்டும் தேதி போடாமல் விட்டிருந்தார். விக்கிரமங்கலத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் மலர்க்கொடி, அதே அறையில், இருண்டு கிடந்த அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். மெமோவில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதைத் தெரியும்படி வைப்பதுதான் ராசாங்கத்தின் வழக்கம்.

"எப்ப வரும்? தேதி சொல்லுங்க... பொங்கலுக்கா? எந்த வருசப் பொங்கலுக்கு?... சிரிக்காதீங்க. சித்திரையில கேட்டப்ப ஆடிக்குக் கலர் மானிட்டர் வரும்னீங்க. ஆடி வந்துச்சு, காத்து வந்துச்சு, கலர் வரலை. இப்ப இருந்த பச்சையும் போயி வெறும் கறுப்புதான் இருக்கு... என்னது?... கலர்லயும் புதுசா ஒண்ணு வருதா? ஓஹோ! நாங்க இன்னும் அந்தப் பச்சை எழுத்தையே பாத்து முடிக்கலீங்க, அதுக்குள்ள வராத கலரே பழசாயிடுச்சா?... சரி, சரி, சொல்லுங்க... வயர் சொருக எத்தனை ஓட்டை? பதினஞ்சா? எங்க பெட்டிக்குப் பின்னால ஒம்போதுதானே இருக்கு... அப்ப மிச்சம் ஆறை நாங்க ஆசாரியைக் கூப்புட்டுத் துளைச்சுக்கறதா?"

தன் பேச்சு தனக்கே பிடித்துப்போய், கேட்க யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். மலர்க்கொடி மட்டும்தான் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"உள்ள கார்டும் மாத்தணுமா? நல்லா இருக்குங்க உங்க நியாயம். புது மாடு வாங்கினா கட்டுத்தறியையும் புடுங்கி நடணும், கொட்டகையையும் பிரிச்சுக் கட்டணுமா?... ஆமா, ஆமா, முன்னேற்றம்தான். அடுத்த வருசம் இருவது ஓட்டை வந்துச்சுன்னா?... தெரியாதா? தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு கடை, வாசல்ல ஒரு போர்டு, அதுக்கு ஒரு போன்!... யாரு? எக்ஸ்சேஞ்சா? மூணு நிமிஷம் ஆயிடுச்சா? ஆகட்டும். இன்னொரு மூணு குடும்மா. இந்த ஆளை நான் லேசுல விடறதா இல்ல."

இருபத்தேழு வருட சர்வீசில் ராசாங்கம் யாரையும் லேசில் விட்டதில்லை. எடை மிஷினை விட்டதில்லை, லாரி டிரைவர்களை விட்டதில்லை. கம்ப்யூட்டரை மட்டும் அவருக்குத் தொடத் தெரியாது. தொடத் தெரிந்தவள் இருபத்திரண்டு வயதுப் பெண்ணாக இருந்ததில் அவருக்கு ஒரு புழுக்கம். அதை அவர் ஒழுங்கு என்று சொல்லிக்கொண்டார்.

"ஹலோ... இருக்கீங்களா? புதுசு வரும்போது வரட்டும். எனக்கு இப்ப ஒரு லெட்டர் வேணும். ஆபரேட்டர் சரியாக் கையாளாததாலதான் பழுதுன்னு ரெண்டு வரி எழுதி அனுப்புங்க... பாக்காம எழுத மாட்டீங்களா? பெரிய டாக்டரு! பாக்கறதுக்கு என்ன இருக்கு? ஆயுத பூசை முடிஞ்சு மறுநாள் ஸ்விட்சைப் போட்டா இருட்டு. கடைசியா வயரைச் சொருகினது அந்தப் பொண்ணு. தீர்ந்துச்சு... என்ன? பூசை எப்படிப் பண்ணினோமா? அது எதுக்கு உங்களுக்கு?... முறைப்படிதான் பண்ணினோம். இருபத்தேழு வருசமா நான்தான் பண்றேன். டைப்ரைட்டர், எடை மிஷின், பீரோ, ஒண்ணையும் விடமாட்டேன். வயரெல்லாம் கழட்டித் தொடைக்கச் சொல்லி, ஒவ்வொண்ணுக்கும் என் கையால சந்தனம், குங்குமம்... ஆமா, கம்ப்யூட்டருக்கும்தான். அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? முன்னால, மேல, பின்னால..."

பின்னால என்றதும் அவர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"பின்னால எங்கயா?... பின்னாலன்னா பின்னாலதான்... வயர் சொருகற எடத்துலயா?... அங்க போயி யாராச்சும்... இருங்க, ஒரு நிமிஷம். ஏம்மா, அந்த வயரைக் கழட்டு."

மலர்க்கொடி இரண்டு திருகையும் நகத்தால் தளர்த்தி வயரை உருவினாள். பெட்டியின் பின்பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். மேலே ஐந்து, கீழே நான்கு, ஒன்பது ஓட்டைகள். அதில் ஆறில் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம். ஓரத்தில் கட்டைவிரல் ரேகைகூடப் பதிந்திருந்தது.

அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அங்கே மட்டும் வேண்டாம் சார் என்று அவள் அன்றைக்கே சொன்னாள். சாமி காரியத்தில் நேற்று வந்ததெல்லாம் குறுக்கே பேசுகிறது என்று, பத்துப் பேர் முன்னால் அவளை வாயடைத்து, விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தித்தான் வைத்தார். வைத்த பொட்டை யாரும் துடைக்கக் கூடாது, அப்படியே வயரைச் சொருகு என்றும் சொல்லியிருந்தார்.

"ஹலோ... இருக்கேன், இருக்கேன்... பாத்தேன்... கொஞ்சம் தூசி... தூசிதாங்க... மஞ்சளாவா? மஞ்சளாத்தான் இருக்கு... மெல்லக் குத்தி எடுத்தாப் போதுமா?... அப்ப மானிட்டருக்கு ஒண்ணும் இல்லீங்களா?... யாரு வச்சதா? எனக்கு எப்படித் தெரியும்? நாலு பேரு வந்து போற ஆபீஸ்... லெட்டரா? வேண்டாங்க. காரணம் போட்டு மானேஜருக்கே அனுப்பறீங்களா? ஐயோ, வேண்டாம், வேண்டாம்... நான்தான் கேட்டேன், இல்லேங்கலை. கோவத்துல கேட்டுட்டேன்... எக்ஸ்சேஞ்சா? இன்னொரு மூணா? வேண்டாம்மா. போதும்... போதும்னு சொல்றேன்ல!"

லைன் அறுந்துவிட்டது. ராசாங்கம் ரிசீவரை வைக்கவில்லை. வைத்தால் திரும்ப வேண்டும், திரும்பினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். இருபத்தேழு வருட வாய் இப்படி ஒரு பள்ளத்தில் போய் விழும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"ஆமாங்க... ஆமாங்க..." என்று செத்துப்போன போனுக்குள் சொன்னார். "பழைய சாமான்தானே... காத்துல ஈரம் வேற... யார் மேலயும் தப்புச் சொல்ல முடியாதுங்க..."

மலர்க்கொடி வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்து, ஒவ்வொரு ஓட்டையாகச் சந்தனத்தைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஏ.சி. அறை, வெளிச் சத்தம் உள்ளே வராது. ரிசீவரிலிருந்து வந்த ஙொய்யென்ற ஒலி அவளுக்கும் கேட்டிருக்கும். அவள் கை ஒரு கணம் நின்று, பிறகு வேலையைத் தொடர்ந்தது.

வயரைச் சொருகி ஸ்விட்சைப் போட்டாள். சற்று நேரத்தில் பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலேறின. பதினோரு நாளாக இருட்டாக இருந்த பெட்டி பளிச்சென்று எரிந்தது. அப்போதும் அவள் நாற்காலியில் உட்காரவில்லை. தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, மேஜைமேல் இருந்த மெமோவைப் பார்த்தபடி பழைய இடத்திலேயே நின்றாள். மூன்று மணிக்குத் தன்னைக் கூப்பிடுவார்கள் என்றுதான் அவள் இன்னமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ராசாங்கத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"இல்லீங்க... நான் சொன்னது பொய்ங்க... நான்தான் வச்சேன்... ஆமாங்க, என் விரல்தான்... அந்தப் பொண்ணு வேண்டாம்னுதான் சொல்லுச்சு. நான்தான் கேக்கலை... மெமோவா?... கிழிச்சிடறேங்க... இல்ல, அது போதாது. மூணு மணிக்கு மானேஜர்ட்ட நானே போயி, யாரு பூசினாங்கறதைச் சொல்லிடறேன்... சரிங்க... வச்சிடறேன்."

அவர் ரிசீவரை வைத்தார். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தமும், மலர்க்கொடி உட்காரும் சத்தமும் கேட்டன.