இடது டேங்க்

சென்னீர்குப்பத்தில் நாங்கள் வழக்கமாக வண்டியை நிறுத்துகிற ஓட்டலில் பொங்கலைவிட வடைதான் நன்றாக இருக்கும், மேடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடுதளத்துக்குப் போகும் வழியில் நாங்கள் மூன்று பேரும் அங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவோம். மோகன், வானகரத்தில் என் அடுக்குமாடியிலேயே குடியிருப்பவர். ஐ.டி. வேலை, பொழுதுபோக்குக்கு விமானம் ஓட்டுகிறவர். உத்தமன் அண்ணனூர்க்காரன். அவன் அப்பா அந்தப் பக்கம் வயல்கள் இருந்த காலத்தில் கூலிக்கு நாற்று சுமந்தவர். இவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் சேர்ந்து, பிறகு சொந்தமாகத் தொழிற்சாலையே வைத்துவிட்டான். இரண்டு பேருக்கும் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான்.

அந்த விமானத்தைப் பற்றிய பேச்சு ஓட்டல் மேஜையில்தான் ஆரம்பித்தது. ஒரே எஞ்சின், நான்கு இருக்கை, அந்த வகையில் அதைவிட வேகமானது அபூர்வம். கோயம்புத்தூரில் போய்க் காபி குடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். வாங்கலாமா வேண்டாமா என்று உத்தமன் கேட்டான்.

"அந்த விலைக்கு பழைய ரெண்டு எஞ்சின் பிளேனே கிடைக்கும். ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு இருக்கும்ல?" என்றார் மோகன்.

நானும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நீளமான ஓடுதளம் கேட்கும், இறங்கும்போது வேகம் குறைந்தால் சட்டென்று ஒரு பக்கம் சாயும், சின்ன ரிப்பேருக்கும் பெங்களூரிலிருந்து ஆள் வரவேண்டும் என்றெல்லாம் அடுக்கினேன். எல்லாம் உண்மை. அதன் படம் ஒன்று என் பீரோக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் இந்த வேலைக்கு வந்த வருடம் ஒட்டியது. ஆயுசு முழுக்க மற்றவர்களின் விமானத்தில், சொல்லிக்கொடுப்பவனுக்கான வலது சீட்டில் உட்கார்ந்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது.

உத்தமன் வடையைச் சட்னியில் தோய்த்தபடி சிரித்தான். "அண்ணாத்தே, நீ இவ்ளோ திட்றேன்னா, உனுக்கு அது மேல எவ்ளோ ஆசைன்னு தெரிது" என்றான்.

அவன் வாங்கிவிட்டான். விமானம் வந்து நின்ற அன்று, மோகனும் மெக்கானிக்குகளும் பார்த்துக்கொண்டிருக்க, என் கையில் ஒரு சாவியை வைத்தான். "ஒண்ணு எனுக்கு, ஒண்ணு உனுக்கு. எப்ப வோணா எடுத்துகினு போ. என்னிய கேக்கவே வோணாம்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது, அதை மறைக்கப் போவதில்லை. என் பொருளை எனக்கே இரவல் கொடுத்தது போல இருந்தது. அந்தச் சாவியை நான் ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பழைய பைக்குகளில் பெட்ரோல் தீரும்போது ரிசர்வுக்குத் திருப்புவோமே, ஒரு காக், அது மாதிரி ஒன்று இந்த விமானத்திலும் உண்டு. இரண்டு இறக்கைகளிலும் டேங்க். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றிலிருந்துதான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும். அரைமணிக்கொரு முறை கையால் இடது, வலது என்று மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். உத்தமன் கற்றுக்கொண்ட பயிற்சி விமானத்தில் இந்த வேலையே கிடையாது. அதில் இரண்டு டேங்கும் சேர்ந்தே பாயும்.

அவனுக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள். பரீட்சையில் கேட்டால் கடகடவென்று சொல்லியிருப்பான். ஆனால் தெரிந்திருப்பது வேறு, கை பழகுவது வேறு. கையைப் பழக்குவதுதான் என் தொழில்.

முதல்முறை நான் அந்தக் காக் பிடியைத் திருப்பியது பழக்க தோஷம், அவ்வளவுதான். அது இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிறது, என் இடது கை தானாகப் போய்விட்டது. உத்தமன் பார்த்துவிட்டு, "தேங்க்ஸ் அண்ணாத்தே, மறந்தே பூட்டேன்" என்றான். அந்த நன்றியில்தான் எனக்கு யோசனை வந்தது.

அதற்குப் பிறகு மற்ற எல்லாவற்றையும் அவனுக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தேன். குறுக்குக் காற்றில் இறங்குவதை அவ்வளவு அழகாகச் செய்ய அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். டேங்க் மாற்றுவதை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன். நேரம் வரும்போது கீழே பழவேற்காடு ஏரியைக் காட்டுவேன். இல்லாவிட்டால் அவன் மகள் ரோஷினியின் காலேஜ் எப்படிப் போகிறது என்று கேட்பேன். மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவன் நிறுத்தமாட்டான். அவன் பேசி முடிப்பதற்குள் என் கை வேலையை முடித்திருக்கும். பொறுமையாக, ஒரு கோடை முழுக்க இதைச் செய்தேன். கடைசி வாரங்களில் அவன் கண் அந்தப் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டது.

பிறகு, இனி நீ தனியாகவே போகலாம் என்று சொன்னேன். மோகன் மட்டும், "இன்னும் கொஞ்ச நாள் கூடப் போங்க சார், புது பிளேன்" என்றார். என் மாணவனைப் பற்றி எனக்குத் தெரியும் என்றேன்.

தனியாகப் போன அன்று அவன் இடது டேங்கில் கிளம்பினான். கடற்கரையோரமாக வெகுதூரம் போய்த் திரும்புவதாக ஏற்பாடு. நான் ஷெட்டு நிழலில் நாற்காலி போட்டு, ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடது டேங்க் எப்போது காலியாகும் என்று தோராயமாகத் தெரியும். அதற்கு முன்னாலேயே டீ சொல்லிவிட்டேன்.

"அண்ணாத்தே, இஞ்சின் நின்னு போச்சு. இன்னா பண்றது?"

"பதறாதே. வேகத்தை விடாதே. இறங்க இடம் பாரு" என்றேன்.

"பெட்ரோல் பாதிகிட்ட காட்டுது அண்ணாத்தே. அப்பறம் ஏன் நின்னுச்சு?"

அவன் பார்த்தது மொத்தக் கணக்கை. மீதி முழுவதும் வலது இறக்கையில் இருந்தது. ஒரு வார்த்தை போதும், மேடம். டேங்க் என்று சொல்லியிருந்தால் அவன் கை போயிருக்கும், எஞ்சின் மறுபடி பிடித்திருக்கும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வடை சாப்பிட வந்திருப்பான். அதைச் சொல்ல நேரமும் இருந்தது.

"எதிர்க்காத்துல இறங்கு. பெல்ட்டை இறுக்கிக்கோ" என்றேன்.

"சரி அண்ணாத்தே. நீ சொல்லிகினே இரு" என்றான்.

நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. ரேடியோப் பதிவைக் கேட்டவர்கள் எல்லோரும் என் நிதானத்தைப் பாராட்டினார்கள். நீங்களும்தான்.

வற்றிய ஏரிக்குள் இறங்கியிருக்கிறான். கரை குறுக்கே வந்துவிட்டது. சாவு வீட்டில் அவன் மனைவி ராதிகா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "கடசீல உங்க கொரலத்தாண்ணா கேட்டுகினு போனாரு. எனுக்கு அது ஒண்ணுதான் ஆறுதல்" என்றாள். நான் தலையசைத்தேன். அவள் அழுது முடிக்கும் வரை கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். யாருக்கும் என்மேல் சந்தேகம் இல்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை மோகன் அதே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "நான் அப்பவே சொன்னேன் சார், அது தறுதலை பிளேன். பாதி டேங்க் பெட்ரோல் இருக்கும்போது எந்த பிளேனாவது நிக்குமா?" என்றார். சுற்றியிருந்த பைலட்டுகள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். இரண்டு நாளைக்கு முன், அமைப்பிலேயே குறை என்று உங்கள் விபத்து விசாரணை அறிக்கையிலும் எழுதப் போவதாகக் கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு அருமையான ஒரு விமானத்துக்கு இப்படி ஒரு கெட்ட பெயர் வரக்கூடாது. அதனால்தான் நானே வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். விமானத்தில் எந்தக் குறையும் இல்லை. உத்தமனைக் கொன்றது நான்.

பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். பொறாமை பிடித்தவனாக இருந்தால் அந்த விமானத்தைத்தான் ஏதாவது செய்திருப்பேன். அதில் ஒரு திருகாணியைக்கூட நான் கெடுக்கவில்லை. வலது இறக்கை கீறல்கூட இல்லாமல் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இடது பக்கத்தையும் மூக்கையும் சரி செய்துவிட்டால் அது மறுபடி பறக்கும். இந்தத் தடவையாவது அதை ஓட்டத் தெரிந்தவன் கையில் கொடுங்கள், மேடம். இன்னொரு சாவி என்னிடம்தான் இருக்கிறது.