முப்பத்தொன்றாம் பாளம்

நவம்பர் கடைசி. ராத்திரி மணி மூன்றே கால் இருக்கும்... இரண்டு மைல் நீளத்துக்கு ஒரு ரோடு. சோளக்காட்டில் ஆரம்பித்துச் சோளக்காட்டிலேயே முடியும். எந்த ஊருக்கும் போகாது.

இன்றைக்கு வேலைக்கு வராத நம் லெஸ்டர் இருக்கிறானே, அவன் அண்ணன் வெர்ன் லாரி ஓட்டிய ரோடு அது. தார் இளக இன்னும் நேரம் ஆகும். கொப்பரைப் பக்கம் நெருங்கி உட்காருங்கள். வாடைக்காற்று.

ஜெர்மன்காரனோடு போட்ட பெரிய சண்டை முடிந்து மூன்று வருஷம். இல்லினாய் முழுக்கச் சேறு. என்ன ரோடு போட்டால் லாரி தாங்கும் என்று எவனுக்கும் தெரியாது. அதனால் ஒரு துண்டு செங்கல், ஒரு துண்டு தார், ஒரு துண்டு கான்கிரீட் என்று அறுபது விதமாகப் பாளம் பாளமாகப் போட்டார்கள். போட்டதே உடைப்பதற்குத்தான். பட்டாளத்து லாரியில் பாரம் ஏற்று... கெட்டி ரப்பர் சக்கரம்... ராப்பகலாகப் போ, திரும்பு, போ, திரும்பு. எந்தப் பாளம் எத்தனையாவது சுற்றில் வெடிக்கிறது என்று எழுதிக்கொள்வார்கள். வெர்ன் அதில் டிரைவர். தன் பெண்டாட்டி ஐடாவின் தம்பி ஆல்வினையும் அவனே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான்.

ஆல்வினுக்கு ஓர வேலை. ரோட்டு விளிம்பை ஒட்டி இடுப்பளவு பள்ளம். அதில் லாந்தரோடு படுத்துக்கொண்டு, சக்கரம் ஏறும்போது பாளம் எவ்வளவு அமுங்குகிறது என்று அளவுக் கருவியின் முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒரு சுத்தியல். பாளத்தின் மேல் இரண்டு தட்டு தட்டினால், வரலாம். மூன்று தட்டினால், நில். ஆனால் மூன்றை யாரும் தட்டுவதில்லை. பாளத்தின் மேல் லாரி நின்றுவிட்டால் அன்றைய ராத்திரிக் கணக்கு முழுக்கக் குப்பை. எல்லாரும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

உங்களுக்கே தெரியும், ராத்திரி குளிரில் கான்கிரீட் பாளம் காய்ந்த ரொட்டி மாதிரி ஓரத்தில் தூக்கிக்கொள்ளும். முப்பத்தொன்றாம் பாளத்தின் மூலையில் மழை வேறு மண்ணை அரித்திருந்தது. கை நுழையும் அளவு இடுக்கு. உள்ளே மண் கதகதவென்று இருக்கும்... மாட்டின் மூச்சு மாதிரி. ஓர வேலைக்காரர்கள் எல்லாரும் அதில் கையை விட்டுக் குளிர் காய்வார்கள். லாரிச் சத்தம் கேட்டால் எடுத்துவிடுவார்கள்.

"முட்டாப்பயலுங்க," என்றான் கொப்பரையை ஒட்டி உட்கார்ந்திருந்த டெல்மர்.

"நீ இப்ப எங்கடா கைய வச்சிருக்க?" என்றேன். கொப்பரையின் அடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

அன்றைக்கு இரண்டு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதல் லாரி ஏறியது. மூலை வெடித்து இறங்கியது. ஆல்வின் அப்போது தூங்கிப்போயிருந்தான். விரல்கள் உள்ளே. பாளம் திரும்ப எழும்பவில்லை. இடது கையால் சுத்தியலை எடுத்துத் தட்டினான்... இரண்டாவது லாரி வெர்னுடையது.

வெர்ன் நிறுத்தவில்லை.

டாக்டர் கையை மணிக்கட்டோடு எடுத்தார். ஒன்பதாம் நாள் ரணஜன்னி வந்து தாடை பூட்டிக்கொண்டு ஆல்வின் செத்துப்போனான். சுத்தியல் மட்டும் கிடைக்கவில்லை. பள்ளத்தைச் சல்லடையாகச் சலித்தும் இல்லை.

அடக்கம் முடிந்து வந்து ஐடா புருஷனிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். "எத்தன தட்டு கேட்டுச்சு உனக்கு?"

"ரெண்டு."

அவள் காபியை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் குடித்தான். ராத்திரி வேலைக்குப் போனான்.

அழவில்லை, குடிக்கவில்லை. போனான், திரும்பினான், போனான், திரும்பினான். நாற்பதாவது சுற்று, ஐம்பதாவது சுற்று. கை ஸ்டியரிங்கில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும் என்பான்.

ஆல்வின் இடத்துக்கு ப்ரூயிட் என்று ஒரு வயசாளி வந்தான். சுரங்கத்தில் கிடந்து காது பாதி போனவன். ஆல்வினை எடுக்க நெம்பியதில் இடுக்கு இன்னும் பெரிதாகியிருந்தது; அதில் கையே விடமாட்டான். சத்தியம் செய்திருந்தான்.

மூன்று வாரம் கழித்து, அதே மூன்றே கால்... வெர்ன் லாரி முப்பதாம் பாளத்தில் வருகிறது. டக். டக்.

ஒரு நொடி.

டக்.

வெர்ன் பிரேக்கை மிதித்தான். ரப்பர் கருகிய நாற்றம். எஞ்சின் நின்றுபோனது. சக்கரத்துக்கும் பாளத்தின் மூலைக்கும் நடுவில் ஒரு சாண்.

இறங்கி லாந்தரைத் தூக்கிப் பார்த்தான். ப்ரூயிட் குப்புறக் கிடந்தான். வலது கை முழங்கை வரை பாளத்துக்கு அடியில். அவன் சுத்தியல் பத்தடி தள்ளி, பள்ளத்தின் அந்தக் கோடியில் கிடந்தது.

"கைய எதுக்கு விட்ட?"

"நான் விடல," என்றான் ப்ரூயிட். பல் தந்தியடிக்கிறது. "புடிச்சு இழுத்துச்சுப்பா. இப்பத்தான் விட்டுது... நீ இறங்குனதும்."

வெர்ன் அவன் கையைத் தொட்டான். அந்தக் குளிரில் வேர்த்திருந்தது.

இன்ஜினியர் வந்து கத்தினார். ராத்திரிக் கணக்கு குப்பை. வெர்ன் முதலிலிருந்து ஓட்டினான்.

பனி உருகியதும் உடைந்த பாளங்களைப் பெயர்த்தார்கள். முப்பத்தொன்றைக் கடப்பாரை போட்டுப் புரட்டினால்... ஓரத்தில் இல்லை, நட்டநடுவில், எந்த இடுக்கும் போகாத இடத்தில், மண்ணில் பதிந்து ஆல்வின் சுத்தியல். யாரும் தொடவில்லை. வெர்ன் எடுத்தான். கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில் ஐடா முன்னால் வைத்தான்.

"மூணு," என்றான்.

ஐடா சுத்தியலைத் தொட்டுப் பார்த்தாளாம், கதகதவென்று இருந்ததாம். கையை எடுக்காமல் ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வெர்ன் போன வருஷம் செத்தான். சுத்தியல் இப்போது லெஸ்டரின் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. போன ஜனவரியில் ரம்பம் வாங்கப் போனேன். சுவர், ரம்பம், கடப்பாரை, எல்லாவற்றிலும் விரற்கடை கனத்துக்கு உறைபனி.

சுத்தியலில் இல்லை. அதற்குக் கீழே தரையில், சொட்டுச் சொட்டாக, தண்ணீர்.